அவருக்காக நான் நடந்த நாட்கள்

ஜூன் 3, 2053

ஈரோடு மாவட்டத்தில் கோபிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தபோது, பானுரேகா என்ற மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், தெர்மாமீட்டருக்கு அது யாரு வாய்ல இருக்குதுன்னு தெரியுமுங்களா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அதுக்குத் தெரிய வேண்டியதில்ல கண்ணு. வெச்சவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் படம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை என் கணவருடைய பட்டையை என் கையில் கட்டிக்கொண்டு நடந்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

விவரத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பே ஆனாலும் பாதியிலிருந்து ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்காது. ஈரோட்டில் ஐந்தாவது மாடி வீடு. நாங்கள் மூன்று பேர். நான் சுகந்தி, ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிறது. கணவர் கந்தவேல், மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவர். எழுபத்தொரு வயது, இரத்தக் கொதிப்பு, கொஞ்சம் பலவீனமான இதயம். மகள் ஓவியா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்.

நான்காவதாக ஓர் இயந்திரம் இருக்கிறது. கூடத்தில் ஒரு குரல், சமையலறைச் சுவரில் ஒரு மாத்திரைப் பெட்டி, எங்கள் மூவர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு பட்டை. பட்டை நாடியையும் அழுத்தத்தையும் நடையையும் தூக்கத்தையும் அளக்கும். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெட்டியின் வேலை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் அதுதான் சொல்லும். வாங்கும்போது ஏதோ அழகான பெயர் இருந்தது. இவர் ஹாஸ்டல் வார்டன் என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது எல்லோருக்கும் அது வார்டன்தான்.

வார்டனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். "அய்யா, இன்னும் ரெண்டாயிரம் அடி பாக்கி இருக்குதுங்க" என்று சாப்பிட உட்காரும்போதுதான் சொல்லும். உடனே அறைக்குள்ளிருந்து ஓவியா, "அப்பா, நடங்கப்பா!" என்பாள். அடி குறைந்தால் சாயங்காலக் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. இவருக்கு முழங்கால் வலி.

நேற்று பட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஏம்புள்ள, நீ எப்படியும் நடக்கத்தான போற. இதையும் கூட்டிட்டுப் போயிட்டு வா."

பட்டை உடம்புச் சூட்டை விட்டு ஒரு நிமிடம் விலகினால் வார்டன் கத்தும். அதற்குள் என் முழங்கைக்கு மேலே ஏற்றி, ரவிக்கைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாவித்திரி டீச்சருடைய பேருந்து தாமதமானால் வருகைப் பதிவேட்டில் அவருக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுப்போகவில்லை.

ஜூன் 9

ஆறாயிரத்து நானூறு அடி. நான் வீட்டுக்குள் நுழையும்போது இவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். வார்டன், "அய்யா, இன்னைக்குக் கலக்கிட்டீங்க" என்றது.

"எல்லாம் உன்ற ஆசீர்வாதம்" என்றார் இவர், கண்ணைக்கூடத் திறக்காமல்.

ஓவியா ஓடிவந்து அவர் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 21

மோட்டார் பழுது. மூன்று நாளாகக் குடத்தில் தண்ணீர். இவருடைய பட்டையை இப்போதெல்லாம் நாள் முழுக்க நானே கட்டிக்கொள்கிறேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது.

ஜூலை 2

காலையில் மாத்திரைப் பெட்டியிலிருந்து இவருக்கு நான்குக்குப் பதில் மூன்றுதான் விழுந்தது. வார்டனிடம் கேட்டேன். "அய்யாவோட பிரஷர் நூத்திப் பதினெட்டு, எழுவத்தாறுங்க. ரெண்டு வாரமா அப்படியே நிக்குது. அதான் குறைச்சுருக்குதுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது. பத்து வருடமாக இறங்காத பிரஷர்.

இவரிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ நடந்தா எனக்கு எறங்குது பாரு. புருஷன் பொண்டாட்டின்னா இப்படித்தான இருக்கோணும்."

ஓவியா அவருடைய பிரஷர் விளக்கப்படத்தை உறவினர் குழுவில் போட்டாள். அத்தை முறைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளை என்ன சாப்புடறாரு? எங்க ஊட்டுக்காரருக்கும் சொல்லுங்." முருங்கைக்கீரை என்று பதில் போட்டேன்.

ஜூலை 14

இவருடைய செருப்பு போதவில்லை. வாரையெல்லாம் தளர்த்தியும் குதிகால் வெளியே நிற்கிறது.

"ஏனுங்க, காலு வீங்கிருக்குதுங்களா?"

"வயசான காலு. அது என்ன, அளவெடுத்துத் தச்சதா, அப்படியே இருக்கறக்கு?"

கூடத்தைப் பார்த்துக் கேட்டேன். "வார்டன், அய்யாவுக்கு எப்படி இருக்குது?"

"எல்லாமே நல்லாருக்குதுங்கம்மா. நீர் மாத்திரை இனி வேண்டியதில்லைங்க."

ஓர் அளவு பெரிய செருப்பாக வரவழைத்தோம். பழுப்பு நிறம். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 15

கறிவேப்பிலைச் செடிக்கு எரு வைத்தேன்.

ஜூலை 29

இவர் நான்கு நாளாகச் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார். படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். ஆடிக் காற்றில் தூசி அதிகம், மூச்சு முட்டுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்று சாப்பாட்டு மேசையில் ஓவியாவிடமே சொன்னார். "அம்மிணி, எனக்கு ஒடம்பு சரியில்ல போல இருக்குது."

அவள் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். "அப்பா, வார்டன் உங்களுக்குப் போட்ட மார்க் நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. எனக்கே எம்பத்திமூணுதான். சும்மா சோம்பேறித்தனம் பண்ணாதீங்கப்பா."

"தூக்கமே வர்றதில்ல கண்ணு."

"ஏழு மணி நேரம் தூங்கிருக்கீங்க. இதோ."

அது நான் தூங்கிய ஏழு மணி நேரம். இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் ரசம் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போனேன்.

ஒன்று எழுத வேண்டும். நானும் அந்தத் தொண்ணூற்றொன்றை எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் மனது கொஞ்சம் இலேசானது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாணவனுடைய விடைத்தாளை நாமே எழுதிவிட்டு, திருத்தும்போது "பரவாயில்லையே, நன்றாகப் படித்திருக்கிறானே" என்று நினைத்துக்கொள்வது மாதிரி.

ஆகஸ்ட் 6

களைப்பாக இருக்கிறது. இரண்டு பேருக்காக நடப்பதால் இருக்கலாம். பட்டையைப் பற்றி இன்று பேச்சு வந்தது. இவர் மாட்டிக்கொள்ளவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 12

அவசரமாக எழுதுகிறேன். மருத்துவமனையில், வராந்தா நாற்காலியில்.

காலை பத்து மணிக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கம் செம்பு விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமாக இருந்தது. வீட்டில் எந்த மணியும் அடிக்கவில்லை.

நான் கத்தினேன். என் நெஞ்சு தடதடவென்று அடித்தது. அப்போதுதான் வார்டன் பேசியது. "அய்யாவுக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்குதுங்க. அய்யா, உக்காந்து தண்ணி குடிங்க." ஒரு நொடி விட்டு, "அம்மா, நீங்களும் உக்காருங்க, உங்களுக்கும் அதே அளவு இருக்குதுங்க" என்றது.

ஓவியா ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். மின்தூக்கியில் இறங்கும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பட்டை என் கையிலிருந்து அவர் மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 13

உயிர் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன், உடனே மருந்தை மாற்றினார்கள். தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 16

மேலே "உடனே" என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. மறுபடி எழுதுகிறேன்.

இவரை உள்ளே கொண்டுபோனதும் அவர்களுடைய கருவியைப் பொருத்தினார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு, நூற்றுப் பன்னிரண்டு. இளவயது மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு வார்டன் அனுப்பிய இரண்டு மாதப் பதிவைத் தன் திரையில் பார்த்தார். கோடு போட்ட மாதிரி ஒரே சீர்.

"இந்த பேஷன்டுக்கு பிரஷரே கிடையாதே" என்றார். "ஹார்ட்டும் பதினெட்டு வயசுப் பையன் மாதிரி ஓடிருக்கு. பயத்துல ஏறியிருக்கும். நெஞ்சுச் சளியா இருக்கலாம். இல்லன்னா நம்ம மானிட்டர் தப்பு. முதல்ல சலைன் போடுங்க, உடம்பு காஞ்சு போயிருக்கும்."

நர்ஸ் ஒருவர் இருந்தார், பெயர் ஜெசிந்தா. ஐம்பது வயதிருக்கும். அவர் இவருடைய கால்மாட்டில் நின்று, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். "டாக்டர், குழி விழுதே, நீர் கோத்திருக்கு."

"பதிவுல இருக்கிறதப் பாருங்க சிஸ்டர். ரெண்டு மாச டேட்டா. இதவிட என்ன வேணும்?"

ஓவியா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். "ஆமாங்க டாக்டர், நான் தினமும் காலைல முதல் வேலையா அதைத்தான் பாக்கறேன். ஒரு நாள்கூட மிஸ் பண்ணதில்லைங்க."

சலைன் பாட்டிலை மாட்டினார்கள்.

அந்தப் பாட்டில் பாதி தீரும்வரை நான் பேசவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவளுக்கு வாய் வரவில்லை. மகள் இருக்கிறாளே, அவள் என்ன நினைப்பாள், உறவினர் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறாளே என்றெல்லாம் யோசித்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்ததால் பேச முடியவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் மூச்சு இன்னும் கொஞ்சம் இரைத்தது.

நான் அவர் காலைத் தொடலாம் என்று போனேன். ஜெசிந்தா அழுத்திய இடத்தில் குழி அப்படியே இருந்தது. கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி இருந்தது.

"சிஸ்டர்" என்றேன். "அந்தப் பதிவு இவரோடது இல்லைங்க."

"என்னங்கம்மா?"

"என்னோடது. ரெண்டு மாசமா பட்டைய நான்தான் கட்டிருந்தேன். என்ற பிரஷர், என்ற நடை, என்ற தூக்கம். அதப் பாத்து இவருக்கு மாத்திரைய நிறுத்திப்போட்டுது. நீர் மாத்திரை ஒரு மாசமா இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. ஓடிப்போய்ச் சொட்டை நிறுத்தினார். "டாக்டர்!" என்று அவர் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நீர் பிரிய ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மூன்றரை லிட்டர் நீர் பிரிந்தது என்றார்கள். அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஓவியா வராந்தாவில் என்னிடம் மூன்றே கேள்விதான் கேட்டாள்.

"எத்தன நாளா?"

"ஜூன்ல இருந்து."

"தினமுமாம்மா?"

"தினமும்தான்."

"அப்ப நான் தினமும் காலைல அப்பான்னு நெனச்சுப் பாத்தது உன்னையா?"

தலையாட்டினேன். என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அஞ்சடி தள்ளித்தாம்மா உக்காந்திருந்தாரு" என்றாள். "தூக்கம் வர்லைன்னாரு. நான் போனைக் காட்டினேன்."

ஆகஸ்ட் 20

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதயம் முன்பைவிடப் பலவீனமாகிவிட்டதாம். முழுதாகத் திரும்பாது. இனி மாடிப்படி கிடையாது. குடிக்கும் தண்ணீர்கூட அளந்துதான்.

கஞ்சி கொடுக்கும்போது மெல்லச் சொன்னார்: "நீ இத்தன நல்லா நடந்திருக்கக் கூடாது புள்ள. நீயும் படுத்திருந்தா என்ற மாத்திரை நின்னிருக்காது." சிரிக்க முயற்சி செய்தார், இருமல் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஓவியா வந்ததும் வார்டனை நிறுத்தினாள். மாத்திரைப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள். நானும் உட்கார்ந்தேன். இவர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"அப்பா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கறேன் அம்மிணி."

"நெஜமாவா?"

"ஆமா."

அவளுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆறு வருடமாக அந்த வேலையை வேறு ஒன்று செய்துகொண்டிருந்தது. சைக்கிளே ஓட்டாதவன் கையில் சைக்கிளைக் கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். மூச்சு எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டுமா, முகத்தையா, நகத்தையா? அவர் முகத்தில் இடப்பக்கப் புருவம் முழுக்க நரைத்துவிட்டதை இன்றுதான் பார்த்தேன். எப்போது நரைத்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

ஓவியா மறுபடி வார்டனை இயக்கிவிட்டாள். "அதில்லாம எனக்குப் பயமா இருக்குதும்மா" என்றாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் பயம்தான். மாத்திரையை மட்டும் தாளைப் பார்த்து நான் எடுத்துக் கொடுக்கிறேன். பட்டை அவர் கையில் இருக்கிறது. முன்பு தொண்ணூற்றொன்று இருந்த இடத்தில் இன்று முப்பத்தெட்டு. "அய்யா, திடீர்னு என்னங்க ஆச்சு?" என்று கேட்டது வார்டன்.

ஆகஸ்ட் 30

ஜெசிந்தா தொலைபேசியில் விசாரித்தார். பாதம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வார்டனைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. "இருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

செப்டம்பர் 2

ஒன்று மிச்சமிருக்கிறது. இன்று எழுதாவிட்டால் என்றும் எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 6 அன்று எழுதியது பொய். "இவர் மாட்டிக்கொள்ளவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்று மத்தியானம் இவர் சாய்வு நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். "ஏம்புள்ள, அந்தப் பட்டையக் குடு. எனக்கு என்னமோ பண்ணுது. அது என்னதான் சொல்லுதுன்னு பாத்துருவோம்" என்றார்.

நான் கொடுக்கவில்லை.

"திடீர்னு மாட்டினா எண்ணெல்லாம் ஏறிப்போகும். ஓவியா கேப்பா. ஒரு வாரம் போகட்டுங்க, கொஞ்சங் கொஞ்சமா மாத்திக்கலாம்" என்றேன். ஆய்வகத்தில் ஒரு பிள்ளைக்கு விடை தப்பாக வந்தால், அதைச் சரியான விடைக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுவந்து எழுதவைப்போம். அந்தப் புத்தி. இவர் நீட்டிய கையைச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார். "செரி, உன்ற இஷ்டம்" என்றார்.

ஆறு நாள் கழித்துத்தான் செம்பு விழுந்தது.

இன்று காலை இதை இவரிடம் சொன்னேன். எனக்கு மறந்துபோச்சு என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு ஓவியாவைக் கூப்பிட்டு, இந்த நோட்டை அவள் கையில் கொடுத்து, ஆறாம் தேதியையும் இதுவரை எழுதிய இந்தப் பக்கத்தையும் படிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே படித்தாள். மூடினாள். நேராக அப்பாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். "கூச்சமா இருக்குது அம்மிணி, விடு" என்றார் அவர். விடவில்லை. பிறகு நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இத வெளியில குடும்மா. நாலு பேரு படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் ஒரு வரியும் அடிக்காமல் கொடுக்கிறேன்.

படித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரே ஒரு வேலை. இதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின்மேல் உங்கள் கட்டைவிரலை வைத்து அழுத்தி, ஐந்துவரை எண்ணி, விரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பாருங்கள்.